முச்சந்தியில் பதினாறு வயது

பத்தாவதுக்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்பதை மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது என்று பெற்றோர்கள் நம்புகிறார்கள். கதவுகளைத் திறப்பதும் அடைப்பதும் பெரும்பாலும் விதிமுறைகள்தான். அவற்றை நேரத்தோடு படிப்பவர்கள் குறைவு.

2025 மே மாதம் மகாராஷ்டிரத்தில் பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியான அன்று இரவு, டோம்பிவிலியிலிருந்து என் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். மகன் 76 சதவீதம் வாங்கியிருந்தான். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது: “கோட்டாவா, நாமக்கல்லா? அத்தான் நாளைக்குள்ள முடிவு பண்ணணும்ங்கறாங்க.”

பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். “அவனுக்கு என்ன தெரியும்?” என்றாள்.

அத்தான் திருநெல்வேலிக்காரர். பேட்டை ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்து, சான்றிதழை ஒரு ரெக்ஸின் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறியவர். அந்தக் காகிதம் அவருக்கு அம்பர்நாத் தொழிற்பேட்டையில் வேலை வாங்கிக் கொடுத்தது. டோம்பிவிலியில் ஓர் அறையும் கூடமும் கொண்ட வீட்டை வாங்கிக் கொடுத்தது. ஆனால் மகன் தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. அவர் வேலை கற்றுக்கொடுத்த டிப்ளமாப் பையன்கள் சில ஆண்டுகளில் அவருக்கே சூப்பர்வைசர்களானார்கள். அவர் அதே இடத்தில் நின்றார். எனவே பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்தாவது பையனை ராஜஸ்தானத்துக் கோட்டாவில் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்புவது, அல்லது நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ சேர்ப்பது என்று திட்டம் போட்டிருந்தார். எட்டாவது படிக்கும் மகளுக்கு அதன்பிறகு என்ன மிஞ்சும் என்ற கணக்கு அவரிடம் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. ஒவ்வொரு மே மாதமும் செகந்தராபாத்திலும் பெங்களூரிலும் டெல்லி கரோல்பாகிலும் இதே பேச்சு நடக்கிறது. பதினாறு வயதில் எடுக்கும் முடிவுக்கு வீடுகள் ஒதுக்கும் காலம் சில நாட்கள். பக்கத்து வீட்டுப் பையனும், ஊரிலிருந்து பேசும் மாமாவும், நாளிதழின் முதல் பக்க விளம்பரமுமே ஆலோசகர்கள்.

எண்பதில் ஒருவர்

விளம்பரங்கள் சொல்லாத கணக்கை முதலில் பார்க்கலாம். 2024இல் ஜே.இ.இ. மெயின் தேர்வை எழுதியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.க்களிலும் சேர்த்து அந்த ஆண்டு இருந்த இடங்கள் 17,740. அதாவது ஏறத்தாழ 80 பேருக்கு ஓர் இடம். மருத்துவத்துக்கான நீட் தேர்வை அதே ஆண்டு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். அவற்றிலும் ஏறத்தாழ பாதிதான் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் கட்டணத்தில் அரசுக் கல்லூரிகளில் இருக்கின்றன.

இந்தப் போட்டியில் இறங்கக் கூடாது என்பதல்ல. கணக்கிலும் இயற்பியலிலும் மனம் லயிக்கிற பிள்ளைக்கு அது நியாயமான ஆசை. ஆனால் எஞ்சிய 79 பேருக்கும் அடுத்து என்ன வழி என்பதை யோசிக்காமல் அனுப்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் கோட்டாவில் 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அதைத் தொடர்ந்த கவலைகளுக்கிடையே, 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 16 வயதுக்குட்பட்டவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்றும், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகே சேர்க்க வேண்டும் என்றும் கூறின. நெறிகள் டெல்லியிலிருந்து வரலாம். ஒரு பிள்ளையின் மன நிலையை அறிய வேண்டியது வீடுதான்.

பாடம் அடைக்கும் கதவு

பதினோராம் வகுப்பில் ‘குரூப்’ எடுப்பது பாடம் எடுப்பது மட்டுமல்ல. சில படிப்புகளைக் கைவிடுவதும்கூட. இது பலருக்குப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரியவருகிறது.

கணக்கு வேண்டாம் என்று உயிரியலை மட்டும் எடுக்கும் மாணவி ஜே.இ.இ. பக்கம் போக முடியாது. வணிகவியல் எடுத்து, கணக்கைத் தொந்தரவு என்று விட்டுவிடும் மாணவருக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் கிடைக்காது. தேசிய ராணுவக் கல்லூரித் தேர்வில் தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் போதும். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் தேவை. (2021 முதல் பெண்களும் இத்தேர்வை எழுதலாம் என்பது பல வீடுகளுக்கு இன்னும் எட்டாத செய்தி.) மாறாக, சி.ஏ. படிக்க வணிகவியல்தான் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் அதன் அடிப்படைத் தேர்வை எழுதலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இந்தக் கதவு இன்னும் முன்பே அடைபடக்கூடும். 2020 தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதம் ‘அடிப்படை’, ‘தரநிலை’ என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அடிப்படைக் கணிதம் எழுதியவர்கள் பதினோராம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது என்பதே முதலில் வகுத்த விதி. பிற்பாடு வாரியம் அதைத் தளர்த்தியது. ஆனால் பையனின் கணக்கு மதிப்பெண்ணை உயர்த்த எளிய தாளைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர்கள், அதன் விலையைப் பள்ளியில் கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது.

அடைபட்ட கதவு சில நேரம் திறக்கவும் செய்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கு 2022 முதல் ‘க்யூட்’ என்ற பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. நூற்றுக்கு நூறு ‘கட்-ஆஃப்’ கேட்டு டெல்லிக் கல்லூரிகள் பயமுறுத்திய காலம் அத்துடன் முடிந்தது. ஆக, விதிகள் மாறுகின்றன. மாமா தன் காலத்தில் கேள்விப்பட்டதை வைத்து மருமகனின் குரூப்பைத் தீர்மானிக்க முடியாது.

ஊர் அடைக்கும் கதவு

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களை மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கும் விதிகள் வேறு வகையைச் சேர்ந்தவை. பிள்ளை எந்த ஊரில் படித்தான் என்று கேட்கும் விதிகள் அவை.

என்.ஐ.டி.க்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு. ‘அந்த மாநிலத்தார்’ யார் என்பதைப் பிறந்த ஊரோ தாய்மொழியோ தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினார் என்பதே தீர்மானிக்கிறது. டோம்பிவிலிப் பையன் நாமக்கல்லில் பிளஸ் டூ எழுதினால், அவனுக்குத் திருச்சி என்.ஐ.டி. சொந்த மாநிலக் கல்லூரியாகிவிடும், நாகபுரி என்.ஐ.டி. வெளிமாநிலக் கல்லூரியாகிவிடும்.

மருத்துவத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. மாநில அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 சதவீதத்துக்கு மாநிலங்கள் விதி வகுக்கின்றன. மகாராஷ்டிரம், சில விலக்குகள் தவிர, பத்தாவதும் பன்னிரண்டாவதும் அந்த மாநிலத்திலேயே தேறியிருக்க வேண்டும் என்கிறது. டாக்டராக ஆசைப்படும் மகளை மதிப்பெண்ணுக்காக இரண்டு ஆண்டுகள் ஊருக்கு அனுப்பும் மும்பைத் தமிழர், அங்குள்ள 85 சதவீதத்தையும் சேர்த்து அனுப்பிவைக்கிறார். பதிலுக்குத் தமிழ்நாட்டில் என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் இருப்பிடச் சான்றிதழ் காட்டி அங்கே பொறியியல் கலந்தாய்வில் கலந்துகொள்ள வழி உண்டு. ஆனால் மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. இடையில் போய்ச் சேருபவர்களுக்கு அதில் பங்கில்லை.

சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்று பெற்று, சிறு வயதில் தந்தையுடன் மும்பைக்கு வந்த மாணவர் ஒருவர், அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் அந்தச் சான்றைக் காட்டி இடம் கேட்டார். 1990இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி என்ற தகுதி மாநிலத்தோடு சேர்ந்தது. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அங்கே அதைக் கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் சொந்த மாநிலச் சான்று செல்லும். எனவே தாராவியிலோ கோலார் தங்கவயலிலோ பிறந்த பிள்ளைக்கு எந்த மாநிலத்தின் சான்று, எந்தப் படிவத்தில், எங்கே செல்லும் என்பதைப் பத்தாவது முடியும் முன்பே விசாரித்து வைத்துவிட வேண்டும். சேர்க்கை வாரத்தில் ஊருக்குப் போய்த் தாசில்தார் அலுவலகத்தில் நிற்பதால் இழந்த இடங்கள் ஏராளம்.

பக்கத்து ஏணி

அத்தானின் கசப்புக்குக் காரணமான கதவை இனிப் பார்க்கலாம்.

பள்ளிக்குப் பிறகு எல்லோரும் பட்டத்தை நோக்கி ஓட வேண்டியதில்லை என்பது புதிய ஞானமல்ல. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964-66) 10+2+3 முறையைச் சொன்னபோதே தொழிற்கல்வியையும் வலியுறுத்தியது. மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 சதவீதத்தினரும் 1995க்குள் 25 சதவீதத்தினரும் தொழிற்பிரிவுகளில் இருக்க வேண்டும் என்று 1986 கல்விக் கொள்கை இலக்கு வைத்தது. 1992இல் அந்தக் கெடு 1995க்கும் 2000க்கும் தள்ளிப்போனது. இத்தனைக்கும் பிறகு 12வது ஐந்தாண்டுத் திட்ட ஆவணம் (2012-2017) மதிப்பிட்டது என்ன? 19 முதல் 24 வயது வரையிலான இந்தியத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஜெர்மனியில் 75 சதவீதம், தென் கொரியாவில் 96 சதவீதம். 2020 கல்விக் கொள்கை இந்தப் புள்ளிவிவரத்தை எடுத்துச் சொல்லி இன்னொரு இலக்கை வைத்தது.

இலக்குகள் தவறியதற்குப் பணப் பற்றாக்குறை மட்டுமே காரணமல்ல. தொழிற்கல்வி முட்டுச்சந்து என்ற எண்ணம் ஒரு பெரிய காரணம். ஒரு காலத்தில் அந்த எண்ணத்தில் நியாயம் இருந்தது. இன்று அந்தச் சந்தின் கோடியில் ஏணி வைத்திருக்கிறார்கள்.

நாட்டில் சுமார் 15,000 ஐ.டி.ஐ.க்கள் உள்ளன, பெரும்பாலானவை தனியார் வசம். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவுகளும், எலக்ட்ரீஷியன், பிட்டர், டர்னர் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளும் கற்பிக்கப்படுகின்றன. பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்றாண்டு டிப்ளமாவை முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். விண்ணப்பிக்க டிப்ளமாவில் 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் தேவை. நல்ல கல்லூரி கிடைக்க அதைவிட நிறையவே வேண்டும். பிளஸ் டூ தகுதி வேண்டும் என்று நினைக்கும் ஐ.டி.ஐ. மாணவருக்கும் வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியுடன் 2016இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, தேவையான தாளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்று கிடைக்கும்.

இன்னொரு படி தொழிற்பழகுநர் பயிற்சி. ‘அப்ரண்டிஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் இதில், 2019 முதல் 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அந்த ஆண்டு விதிகள் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை உதவித்தொகையை நிர்ணயித்தன. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை என்று சட்டம் உறுதி கூறவில்லை. ஆனால் ரயில்வே தன் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதத்தைத் தன்னிடம் பயிற்சி முடித்த பழகுநர்களுக்கென ஒதுக்கி வந்திருக்கிறது.

ஏணியில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த லேத்தும் ஆசிரியரில்லாத பட்டறையும் கொண்ட நிலையங்கள் உண்டு. பொறியியல் இரண்டாம் ஆண்டில் நுழையும் டிப்ளமா மாணவர்கள் கணக்குத் தாளில் தடுமாறுவதும் உண்டு. அதற்குத் தயாராகிப் போக வேண்டும். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டா வழியில் பாதியில் நின்றவரிடம் பிளஸ் டூ சான்று மட்டுமே இருக்கும். இந்த ஏணியில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

சேரும் முன் நான்கு கேள்விகள்

எந்த வழியானாலும் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு.

யார் அங்கீகாரம்? பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலையும், டிப்ளமாவுக்கும் பொறியியலுக்கும் ஏ.ஐ.சி.டி.இ. பட்டியலையும், நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சிலையும், பார்மசிக்குப் பார்மசி கவுன்சிலையும் பார்க்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது; அதில் டெல்லி முகவரிகள் அதிகம். ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்பதற்கு, அங்கீகாரம் இல்லை என்றே பொருள்.

மொத்தச் செலவு எவ்வளவு? முதல் ஆண்டுக் கட்டணத்தோடு விடுதி, தேர்வு, சீருடை, கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசி ஆண்டு வரை எழுதிப் பார்க்க வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. டிப்ளமாவோ பொறியியலோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் ‘பிரகதி’ உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு மதிப்பெண் அடிப்படையில்.

சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? விளம்பரத்தில் சிரிக்கும் நான்கு முகங்களைவிட, வாசலில் டீ குடிக்கும் இறுதியாண்டு மாணவர் சொல்வது உண்மைக்கு அருகில் இருக்கும்.

இங்கிருந்து அடுத்த படி எது? படிப்பு பிடிக்காவிட்டாலோ, பாதியில் நின்றாலோ எங்கே போகலாம் என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

டோம்பிவிலியில் இந்தக் கேள்விகளை வைத்து ஒரு வாரம் பேச்சு நடந்தது. நடுவில் ஒருநாள்தான் பையனிடம் தொலைபேசியைக் கொடுத்தார்கள். இரண்டு வருடமாகக் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் நின்றுபோகும்போதெல்லாம் எலக்ட்ரீஷியனுக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் கேட்டது ஒரே கேள்வி: “எலக்ட்ரிகல் டிப்ளமா படிச்சா, அப்புறம் இன்ஜினியரிங் சேர முடியாதா, சித்தி? அப்பா முடியாதுங்கறாங்க.”

முடியும் என்றேன். அத்தான் நம்பவில்லை. விதியை அச்செடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார். ஏறத்தாழ ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, “எனக்கு அப்ப யாரும் இதைச் சொல்லலையே” என்றார். அவர் படித்த காலத்தில் இந்த ஏணி எந்த அளவுக்கு இருந்தது என்பது வேறு விஷயம். கேட்க வேண்டும் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே உண்மை.

பையன் தாணே மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் சேர்ந்திருக்கிறான். அவன் பொறியாளராவானா, முதல் ஆண்டுக் கணக்கிலேயே திணறுவானா என்பது இனிமேல்தான் தெரியும். பி.எஃப். பணம் அப்படியே இருக்கிறது. சில மாதம் கழித்து நான் போயிருந்தபோது, அத்தான் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மகளின் பிறப்புச் சான்று, தன்னுடைய திருநெல்வேலிப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரேஷன் அட்டை நகல்.

“இவ பத்தாவது முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இதுல வேற எது வேணும், இப்பவே சொல்லிடு” என்றார்.